மலை ஏற நல்ல மாதம் எது என்று கேட்பவர்களுக்கு

ஆப்பிரிக்காவுக்குக் கொரில்லா பார்க்கப் போக நல்ல மாதம் எது? எந்த டூர் கம்பெனியைக் கேட்டாலும் ஒரே பதில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை, அல்லது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. உகாண்டா, ருவாண்டா இரண்டு நாடுகளிலும் அப்போது மழை குறைவு. பாதையில் சேறு இருக்காது, கால் வழுக்காது, கேமரா நனையாது. பதில் சரிதான். ஆனால் யாருக்கு நல்ல மாதம் என்று பாருங்கள்: நம் காலுக்கும் நம் கேமராவுக்கும். கொரில்லா பன்னிரண்டு மாதமும் அதே காட்டில்தான் இருக்கிறது. விருங்கா எரிமலைச் சரிவுகளில் மழை பெய்தால் மூங்கில் குருத்து விடும். அதைத் தின்ன அது மூங்கில் காட்டுக்கு வரும். அதன் கணக்கில் மழைக்காலம்தான் விருந்துக் காலம்.

ஊத்துக்கோட்டையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கொரில்லாவோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சனி, ஞாயிறு விடியற்காலையில் எங்கள் ஊர் வழியாகப் போகும் பைக்குகளை எண்ணி முடியாது. சென்னையிலிருந்து பெரியபாளையம் வழியாக வந்து, இங்கே டீ குடித்துவிட்டு, சுருட்டப்பள்ளி தாண்டி நாகலாபுரம் மலைக்குப் போகிறார்கள். இன்னொரு கூட்டம் சத்தியவேடு பக்கம் திரும்பித் தடா அருவிக்குப் போகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஸ்ரீசிட்டியிலும் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகளும் அதில் உண்டு. டீக்கடையில் யாராவது உள்ளூர்க்காரர் கண்ணில் பட்டால் அவர்கள் கேட்பதும் அதே கேள்விதான்: "அங்கிள், இங்க எந்த சீசன் பெஸ்ட்?"

இந்தக் கேள்விக்கு இன்று பதில் சொல்கிறவர்கள் இரண்டு பேர். ஒன்று, காலண்டரில் எந்த வாரம் மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வருகிறது என்று பார்க்கிற ஏற்பாட்டாளர். இரண்டு, அருவி எப்போது படத்தில் அழகாக விழுகிறது என்று பார்க்கிற செல்போன். இருவருமே மலையைக் கேட்பதில்லை. இதுதான் என் புகார்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். எங்கள் பக்கம் நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். எனக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று பார்த்து நாற்று விடுகிற விவசாயி ஒருவரும் இல்லை. மண்ணும் தண்ணீரும் சொல்கிற நாளில்தான் ஏர் இறங்கும். ஒரு படி நெல்லுக்கே இவ்வளவு கணக்குப் பார்க்கிற ஊரில், உயிரோடு விளையாடுகிற மலை ஏற்றத்துக்கு மட்டும் சனிக்கிழமை என்பதே போதுமான முகூர்த்தமாகிவிட்டது.

எங்கள் ஊரின் பாடம் ஆரணி ஆறு. ஆந்திர மலைப்பக்கத்துத் தண்ணீர் பிச்சாட்டூர் அணையில் சேர்ந்து, அங்கிருந்து சுருட்டப்பள்ளி வழியாக எங்கள் ஊருக்கு வந்து, பெரியபாளையம் கடந்து பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. ஊத்துக்கோட்டையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அணையைத் திறந்துவிட்டார்கள் என்று தகவல் வரும். சில மணி நேரத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும். பஸ் நின்றுவிடும். அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: தலைக்கு மேல் மழை இல்லை என்பதால் காலுக்குக் கீழே வெள்ளம் வராது என்று அர்த்தம் இல்லை. நாகலாபுரம் மலை ஓடையில் இறங்குகிற பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். அங்கே அணையும் இல்லை, மதகும் இல்லை, முன்கூட்டி அறிவிக்க ஆளும் இல்லை. மேலே எங்கோ பெய்த மழை பாறை இடுக்கு வழியாக நேரே வந்து நிற்கும்.

'மழைக்காலத்தைத் தவிர்த்துவிட்டால் போயிற்று' என்பார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. டிசம்பர் வந்தால் மழை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். வர்தா புயல் சென்னையைக் கடந்தது 2016 டிசம்பர் 12. மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவு. மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம். சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் அதில் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. சரி, டிசம்பர் வேண்டாம், கோடையில் போகலாம் என்றால், 2015 மே மாதம் சதுரகிரியில் என்ன நடந்தது? கத்திரி வெயில் காலம். அமாவாசைக்குப் போன பக்தர்கள் மலையில் பெய்த திடீர் மழையில், ஓடை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். காலண்டர் அதைக் கோடை என்றது. அன்றைக்கு அந்த ஓடை வேறு மாதிரி நினைத்தது.

இதற்கு நேர் எதிரான பாடம் குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து ஒரு குழு. தேனி மாவட்டத்தில் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி, இறங்கி வருகிற வழியில் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். அங்கேயே இறந்தவர்களும், பிறகு மருத்துவமனைகளில் இறந்தவர்களுமாக இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் இளம் வயதினர். இந்திய விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வரவேண்டியிருந்தது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. மலையேற்றத்துக்குத் தனி விதிகளும் அந்த ஆண்டே வந்தன.

அந்தப் பிள்ளைகள் போன மார்ச் மாதம் நகரத்துக் கணக்கில் மோசமான மாதம் இல்லை. மழை இல்லை, பாதை காய்ந்திருக்கிறது, வானம் தெளிவு, மேலே குளிர் இதமாக இருக்கும். கொரில்லா டூர்காரர்களிடம் கேட்டிருந்தால் நல்ல சீசன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நமக்கு வசதியாகக் காய்ந்து கிடந்த அதே பாதையின் இரண்டு பக்கமும் ஆள் உயரப் புல்லும் காய்ந்து கிடந்தது. ஒரு மலையில் வறட்சி என்பது காலுக்கு வரம், நெருப்புக்கும் வரம். இதைச் சொல்ல யாருக்கும் பெரிய படிப்பு வேண்டாம். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவரைக் கேட்டாலே போதும்.

அதனால் 'தமிழ்நாட்டில் மலை ஏற எது நல்ல சீசன்' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. மலைக்கு ஒரு பதில் உண்டு. கோவை வெள்ளியங்கிரிக்குப் பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை விடுகிறது. மற்ற மாதங்களில் மழையும் காற்றும் குளிரும் அந்த மலையில் தாங்காது. அங்கேயும் திறந்திருக்கிற மாதம் என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. 2024 பருவத்தில் மட்டும் ஏறப் போனவர்களில் பலர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்து இறந்தார்கள். கேட் திறந்திருக்கிறது என்றால் மலை தயார் என்று அர்த்தம். ஏறுகிறவரின் இதயம் தயாரா என்பது வேறு விஷயம்.

மூணாறு பக்கம் இரவிகுளத்தில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ராஜமலையை மூடிவிடுகிறார்கள். அங்கே காரணம் நெருப்போ வெள்ளமோ இல்லை. வரையாடு குட்டி போடுகிற காலம். சுற்றுலாக்காரருக்கு அது அருமையான குளிர் மாதம். ஆட்டுக்குப் பேறுகாலம். ஆடு ஜெயித்தது. நம் மாநில விலங்கும் அதே வரையாடுதான் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறது. சீசனை மனிதன் அல்லாத ஒருவர் தீர்மானிக்கலாம், அதனால் உலகம் அழிந்துவிடாது என்பதற்கு அது நல்ல சாட்சி.

இப்போது கொரில்லாவுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அங்கே கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. மலைக் கொரில்லா உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம்தான். ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு மேல் விடமாட்டார்கள். கண்டுபிடித்த பிறகு ஒரு மணி நேரம்தான். சளி, காய்ச்சல் இருந்தால் கிட்டே விடமாட்டார்கள், ஏனென்றால் நம் சளி அதற்குத் தொற்றும். பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ருவாண்டாவில் 2017 முதல் ஒருவருக்குக் கட்டணம் 1,500 டாலர். உகாண்டா சில ஆண்டுகள் மழை மாதங்களில் கட்டணத்தைக் குறைத்துக்கூடப் பார்த்தது. கட்டணம் சீசனுக்குச் சீசன் மாறியது. எட்டுப் பேர், ஒரு மணி நேரம் என்பது மாறவில்லை. அத்தனை டாலர் கொடுத்தவரையும் 'உங்களுக்குச் சளி, நீங்கள் வரவேண்டாம்' என்று நிறுத்துகிற அதிகாரம் அங்கே பூங்கா ஊழியருக்கு இருக்கிறது. நிறுத்தினால் அன்றைய சம்பளம் போய்விடும் என்ற பயம் அவருக்கு இல்லை.

நம் ஊரில் நிலைமை என்ன? வழிகாட்டியாக வருகிற உள்ளூர்ப் பையனுக்குக் கூட்டம் மலை ஏறினால்தான் கூலி. வானம் கறுத்திருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்று அவன் சொன்னால் அவனுக்கும் அன்றைக்குச் சோறு இல்லை. ஏற்பாட்டாளர் முன்பணம் வாங்கிச் செலவும் செய்துவிட்டார். ரத்து செய்தால் திருப்பித் தரவேண்டும். வந்தவர் லீவு போட்டு, வண்டி பிடித்து, தூக்கம் கெட்டு வந்திருக்கிறார். திரும்பிப் போனால் ஆபீசில் கேலி செய்வார்கள். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட 'வேண்டாம்' என்று சொல்வதில் லாபம் இல்லை. எல்லோருக்கும் நஷ்டம் தருகிற ஒரு சொல்லை யார் சொல்வார்கள்? அதனால்தான் மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடையில் இறங்குகிறார்கள். அவர்களை முட்டாள்கள் என்று திட்டுவது சுலபம். ஏற்பாடே தப்பு என்பதுதான் விஷயம்.

என் கோரிக்கை இதுதான். 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்கிற வழிகாட்டிக்கு அன்றைய முழுக் கூலியும் கிடைக்கவேண்டும். ரத்தான நாளுக்குப் பணம் முழுவதும் திரும்ப வரும், அல்லது இன்னொரு தேதிக்கு மாற்றித் தரப்படும் என்று முதலிலேயே எழுத்தில் இருக்கவேண்டும். இந்த இரண்டும் இல்லாத குழுவோடு உங்கள் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். எது நல்ல சீசன் என்று அவர்களிடம் கேட்பதைவிட, 'மழை வந்தால் என் பணம் என்ன ஆகும், வழிகாட்டிக்கு என்ன கிடைக்கும்' என்று கேளுங்கள். அந்தப் பதிலில் சீசனும் தெரியும், ஆளின் யோக்கியதையும் தெரியும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை ஆன்லைனில் பதிவு செய்து போகிற மாதிரி திறந்தது. மலைவாழ் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாகப் போட்டது. 2025-ல் தீ அபாயம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவு வரை நிறுத்தியும் வைத்தது. குரங்கணியில் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் இப்போதாவது காலண்டரில் ஏறியது. எங்கள் மாவட்டத்துக் கூடியம் குகைப் பாதையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த முயற்சியை நான் குறை சொல்லமாட்டேன். இன்னும் ஒரு படி ஏறவேண்டும் என்றுதான் சொல்கிறேன். மாதக் கணக்கில் மூடுவதும் திறப்பதும் போதாது. அந்தந்த நாளுக்கு, அந்தந்த மலையடிவாரத்தில், ஒரு பலகை வேண்டும்: இன்று மழை எச்சரிக்கை என்ன நிறம், தீ அபாயம் உண்டா, எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள். எல்லை தாண்டி நாகலாபுரம் போகிறவர்களுக்கும் சேர்த்து எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒன்று வைத்தால் இரண்டு மாநிலத்துக்கும் புண்ணியம். மலைக்குத் தமிழ்நாடு, ஆந்திரா என்ற பேதம் தெரியாது. ஆரணி ஆற்றுக்கும் தெரியாது.

எனக்கு மறுப்பு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 'இருளர் மக்கள் வருஷம் முழுக்கக் காட்டுக்குள் போகிறார்களே, அவர்களுக்கு எந்த சீசன்?' என்பார்கள். உண்மைதான். எங்கள் தாலுகாவில் இருளர் குடும்பங்கள் நிறைய. அவர்கள் அறுபது பேராகச் சேர்ந்து போவதில்லை. முன்கூட்டியே தேதி குறித்துப் பணம் கட்டிப் போவதில்லை. பாதி வழியில் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறதைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுவார்கள். யாரும் அதைத் தோல்வி என்று சொல்வதில்லை. எல்லா நாளும் போகிறவருக்கு எந்த நாளிலும் திரும்பி வர முடிகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் போகிறவருக்குத்தான் திரும்புவது அவமானமாகத் தெரிகிறது.

'வாரத்தில் ஒரு நாள் லீவு கிடைக்கிற பிள்ளைகள், அவர்கள் சந்தோஷத்தில் மண்ணைப் போடாதீர்கள்' என்பார்கள். போடவில்லை. ஷிப்ட் பார்த்துக் களைத்த பிள்ளைக்குக் காற்று வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மலை வேண்டாம் என்றால் போக இங்கே இடமா இல்லை? சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்த கோலத்தில் இருக்கிறார், வேறு எங்கே பார்ப்பீர்கள்? பூண்டியில் நீர்த்தேக்கம் இருக்கிறது, தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்து அதிரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-ல் கல்லாயுதம் கண்டுபிடித்தார். அங்கே கிடைத்த கருவிகளில் பழையவை பதினைந்து லட்சம் ஆண்டு வயதுடையவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். அத்தனை காலமாக மனிதன் சுற்றிய இடம் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும். பழவேற்காட்டுக்குப் போனால் பூநாரை பார்க்கலாம். அதுவும் தண்ணீர் ஆழம் பார்த்துத்தான் வரும். பெருமழையில் ஏரி நிரம்பி ஆழம் கூடினால் கால் ஊன்ற இடம் இல்லாமல் வேறு இடம் பார்க்கும். தண்ணீர் வடிந்ததும் வரும். தேதி பார்த்து வருவதில்லை. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது அந்தப் பறவைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

'அப்படியானால் ஒரேயடியாக மூடிவிட வேண்டியதுதானே' என்று மூன்றாவது கூட்டம். இது எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் தருகிற வாதம். மூடிய மலையில் திருட்டுத்தனமாக ஏறுவார்கள். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. விபத்து நடந்தால் தேடுவதற்கு எண்ணிக்கைகூட இருக்காது. காட்டையே பார்க்காமல் வளர்கிற தலைமுறை நாளைக்கு அங்கே கல்குவாரி வந்தால் ஏன் என்று கேட்காது. திறந்திருக்கட்டும். கணக்கோடு திறந்திருக்கட்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் போனால் நியாயமில்லை. எங்கள் பக்கத்து மலைகளுக்கு, என் கணக்கு இது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், அதாவது மார்கழி பாதிக்குமேல் தொடங்கி, தை முடிவதற்குள். ஆறு ஏழு வாரம்தான். அதற்கு முன் ஓடை நம்பமுடியாது. அதற்குப் பின் புல் காய்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் திருத்தணி வெயில் தமிழ்நாட்டிலேயே முன் வரிசையில் நிற்கும். கூடியம் பாதையில் முள் காடுதான், ஒதுங்க நிழல் குறைவு. அந்த ஆறு ஏழு வாரத்திலும் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் வீட்டிலேயே இருங்கள். போகிற நாளைக்கு முந்தின இரவு வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். திருவள்ளூருக்கு மட்டும் பார்த்தால் போதாது; மலை இருக்கிற ஆந்திர மாவட்டத்துக்கும் பாருங்கள். பாறைக் குட்டையில் நீச்சல் தெரிந்தாலும் குதிக்காதீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்று தண்ணீர் சொல்லாது. மதியம் இரண்டு மணிக்குமேல் உள்ளே போகாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பொங்கல் லீவுக்கு வருகிறவர்கள் இந்த வருஷமும் வருவார்கள். அவர்களை அழைத்துவருகிற ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வார்த்தை: பேனரில் 'பெஸ்ட் சீசன்' என்று போடுகிற இடத்தில், ரத்தானால் பணம் திரும்ப உண்டு, வழிகாட்டிக்கு முழுக் கூலி உண்டு என்று இரண்டு வரி போடுங்கள். அந்த இரண்டு வரி உள்ள பேனரைப் பார்த்தால், வருகிற பிள்ளைகளை உங்களோடு அனுப்பலாம் என்று டீக்கடையில் நானே சொல்கிறேன்.